பங்க் இசை வரலாறு என்று படப் புத்தகம் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

பங்க் என்பது எழுபதுகளில் கிளம்பிய முரட்டுத்தனமான ராக் இசை. புகழ்பெற்ற பங்க் இசைக்குழுக்களின் வரலாறு, அரிய படங்களுடன், கெட்டி அட்டையில் என்று ஆன்லைனில் ஒரு புத்தகம் விற்கிறார்கள். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். எனக்கு வந்த பிரதியில் உண்மையான புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஏஐ போட்ட படங்கள்.

தி கிளாஷ் குழுவின் பால் சிமோனன் பேஸ் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து மேடையில் ஓங்கி அடிக்கும் படம் ராக் ரசிகர்களுக்கு மனப்பாடம். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் எடுத்தது. ஃபோகஸ் சரியாக இல்லை, அட்டைக்கு வேண்டாம் என்று அவரே சொல்லியும், குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் விடாப்பிடியாக நின்றதால்தான் அது ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டையில் வந்தது. அந்த மங்கலில்தான் படத்தின் வேகமே இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் அதே காட்சி பளபளவென்று கலரில், கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறது. பேஸில் ஆறு தந்தி வேறு! அவர் உடைத்தது நாலு தந்தி ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்.

சரி, எழுத்தாவது தேறுமா என்று பார்த்தால் அது இன்னும் மோசம். ரமோன்ஸ் குழுவின் நால்வரும் கூடப்பிறந்தவர்களாம். ரமோன் என்பது அவர்கள் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் பேஸ் வாசித்த சிட் விஷஸ் ஆரம்பத்திலிருந்தே இருந்தாராம். அவர் 1977இல்தான் வந்தார். அதுவரை பேஸ் வாசித்து, அவர்களுடைய முக்கியப் பாட்டுகளில் பலவற்றை உருவாக்குவதில் கைகொடுத்த க்ளென் மேட்லாக்கின் பெயரே எங்கும் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஆர்டர் வந்த பிறகு அச்சடிப்பது, ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால், “அவை ஓவியரின் கற்பனை” என்று பதில் வருகிறது. எந்த ஓவியர் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இந்த மாதிரிப் புத்தகம் எதுவானாலும், புகைப்படக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். நிஜப் படங்களை அனுமதி வாங்கிப் போட்டவர்களிடம் அது கட்டாயம் இருக்கும். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கார்டில் பணம் கட்டி ஏற்கெனவே ஏமாந்திருந்தால் விற்பனைத் தளத்தோடு நிற்காமல் வங்கியிலும் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அதே ஆள் இப்போது ஹெவி மெட்டல் இசை வரலாறு ஒன்றையும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.