டியூப் இழுக்க டவர் பூட்டாதீர்கள்: 3,480 டொலர் போன கதை

சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒன்ராறியோவில், சிம்கோ ஏரியில் நடந்தது. கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. கோடை முடிவதற்குள் உங்களில் யாராவது இதேமாதிரி ஒரு கடையில் போய் நின்றுவிடக்கூடாது என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். 3,480 டொலர். டவருக்கு, அதாவது இழுவைக் கயிற்றை உயரத்தில் கட்டப் படகில் பூட்டுகிற குழாய்ச் சட்டத்துக்கு, 2,650, பூட்டுக்கூலி 430, அதன்மேல் 13 வீத எச்எஸ்டி விற்பனை வரி. சதக் கணக்கோடு சொன்னால் 3,480 டொலர் 40 சதம்.

கடையின் பெயரை எழுதவில்லை. வழக்கு என்று போனால் இடைஞ்சலாகும் என்று மனைவி சொல்கிறா. ஏரியோரத்தில் படகுச் சாமான் விற்று, திருத்தவேலையும் செய்யும் கடை. கவுன்டரில் நம்முடைய தமிழ் ஆள். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

நான் கேட்கப் போனது சின்ன விஷயம். எங்களுடையது 18 அடிப் படகு, பின்னால் நடுவில், வெளிப்பக்கமாகக் கொளுவிய அவுட்போர்ட் எஞ்சின். போன வருடம் பழையதாக வாங்கினது. பிள்ளைகளுக்கு மூன்று பேர் படுத்தபடி படகின் பின்னால் இழுபட்டுப்போகிற காற்றடித்த டியூப் வாங்கியாயிற்று, கயிற்றை எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை. நடுவில் கட்ட எஞ்சின் மறிக்கிறது. பின்பலகையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் இருக்கிறது, ஆனால் ஒன்றில் மட்டும் கட்டினால் படகு ஒரு பக்கமாக இழுபடும். இதையெல்லாம் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"அந்த வளையம் படகை ட்ரெயிலரோட கட்டுறதுக்குத்தான் அண்ணை. அதை நம்பிப் பிள்ளைகளை இழுக்காதேங்கோ" என்றார். பிறகு என்னை வெளியே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு படகில் அலுமினியக் குழாயால் வளைத்த டவர் பூட்டியிருந்தது. வேக்போர்ட் ஓடுபவர்களை, அதாவது பலகையில் நின்றபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் பின்னால் போகிறவர்களை, இழுக்கிற டவர். கயிறு உயரத்தில் நிற்கும், எஞ்சினில் முட்டாது, தண்ணீரில் இழுபடாது என்றார். நான் தெளிவாகக் கேட்டேன்: "நாங்கள் வேக்போர்ட் ஓடுவதில்லை, டியூப் மட்டும்தான். சரிவருமா?" "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்று சொல்லிவிட்டு, படகில் ஏறி, டவரை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கினார். "நான் 95 கிலோ. அசையுதா பாருங்கோ." அசையவில்லை. தொங்கிக்கொண்டே சொன்னார், "என்ர பிள்ளைகளையும் இதிலதான் இழுக்கிறன்."

அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கார்டை எடுத்து நீட்டினேன்.

ஞாயிறு காலை காற்றில்லை, ஏரி தட்டையாகக் கிடந்தது. டியூபில் என் மகன், தங்கையின் மகள், அவளுடைய தம்பி. மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட். மனைவி பின்பக்கம் பார்த்தபடி இருந்தா; இழுக்கும்போது ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். மணிக்கு 28 கிலோமீற்றர், அதற்கு மேல் இல்லை. இடப்பக்கம் திரும்பும்போது டியூப் வெளிப்பக்கமாக வீசுப்பட்டு, அதன் மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. கயிறு கம்பிபோல விறைத்தது. அடுத்த கணம் பலகை முறிந்ததுபோல ஒரு சத்தம். படகு சரிந்து, மனைவி இருக்கையிலிருந்து தரைக்கு வந்துவிட்டா. திரும்பிப் பார்த்தால் டவரின் முன்கால் ஒன்று படகின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு எழும்பி நிற்கிறது. முழு டவரும் பின்னுக்குச் சாய்ந்து எங்கள் தலைக்கு மேலே தொங்குகிறது.

பிள்ளைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். மருமகளுக்கு உதடு கிழிந்து இரத்தம். அவ்வளவோடு போனது கடவுள் புண்ணியம். அந்தக் குழாய் இன்னும் ஒரு அடி சாய்ந்திருந்தால் மனைவியின் தலையில்தான் விழுந்திருக்கும்.

கரைக்கு வந்து பிய்ந்த இடத்தைப் பார்த்தேன். வெறும் பைபர்கிளாஸில் நான்கு துளை. உள்ளே தாங்குதட்டு ஒன்றும் இல்லை, 25 சத நாணயம் அளவு வாஷர் மட்டும். அது போதாதென்று, குழாயின் உட்பக்கத்தில் நீள்சதுரமாகப் பசைத் தடம். ஏதோ ஒரு ஸ்டிக்கரை உரித்த அடையாளம். ஒரு மூலையில் மஞ்சள் நிறத் துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. அன்றிரவே டவர் செய்த கம்பெனியின் இணையத்தளத்தில் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே அதே மஞ்சள் ஸ்டிக்கரின் படம்: இதில் டியூப் இழுக்கக் கூடாது. கடையில் எனக்குக் கையேடும் தரவில்லை, பெட்டியும் தரவில்லை.

காரணம் இப்போது விளங்குகிறது. வேக்போர்டில் நிற்பவர் ஒரு ஆள். இழுவை கூடினால் கைப்பிடியை விட்டுவிடுவார், கயிறு தளர்ந்துவிடும். டியூபில் கயிறு ஆளின் கையில் இல்லை, டியூபோடு கொளுவியிருக்கிறது. மூக்கு தண்ணீருக்குள் போனால் அது வாளி கட்டி இழுக்கிற மாதிரி. விடுவதற்கு ஆளில்லை, முழுப் பாரமும் கயிற்றில் வந்து அடிக்கும். அந்த அடி தலைக்கு மேல் உயரத்தில் விழுந்தால் நெம்புகோல் போட்டுக் கிளப்பியதுபோல டவரின் காலையும் பிடுங்கும், படகையும் சரிக்கும். டியூபுக்குக் கயிறு தாழ்வாகத்தான் கட்டவேண்டும். தொங்கிக் காட்டிய மனிதருக்கு இது தெரியாதா? படகுக் கடையில் வேலை செய்பவருக்கு?

திங்கட்கிழமை ஃபோன் எடுத்தேன். "படம் அனுப்புங்கோ அண்ணை, பார்க்கிறம்." பதினொரு படம் அனுப்பினேன். செவ்வாய் முழுக்கப் பதில் இல்லை. மாலை நானே எடுத்தால் மனேஜர் லீவு. புதன் வேலைக்குப் போகாமல் ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் காரில் ஓடிப்போனேன். லீவில் இருந்த மனேஜர் உள்ளேதான் இருந்தார். என்ன வேகத்தில் போனாய், என்ன திருப்பம் எடுத்தாய் என்று என்னையே விசாரித்தார். ஸ்டிக்கரை யார் உரித்தது என்று கேட்டேன், அதற்கு வாயே திறக்கவில்லை. பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு எழுத்தில், இழுவைக்குப் பாவித்தால் பொறுப்பு வாங்கியவருடையது என்று இருந்தது. இழுப்பதற்கென்றே விற்ற சாமானுக்கு!

நம்முடைய ஆள் பக்கத்தில்தான் நின்றார். "நீங்கள்தானே டியூப் இழுக்கலாம் என்று சொன்னீர்கள்?" என்று தமிழில் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: "சேர், எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை." முதல் நாள் வாய்க்கு வாய் அண்ணை, அன்றைக்குச் சேர். எனக்கு வயிறு எரிந்தது. கடைசியில், 150 டொலருக்குக் கடையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போ என்றார்கள். 3,480 டொலருக்கு 150. படகைத் திருத்த இன்னும் எவ்வளவு போகும் என்று தெரியாது.

என்ன செய்யவேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். அவுட்போர்ட் படகென்றால் பின்பலகையின் இரண்டு வளையத்திலும் கொளுவுகிற, ஆங்கில Y எழுத்து வடிவ இழுவைக் கயிறு விற்கிறார்கள், நடுவில் மிதவையோடு. நூறு டொலர்கூட வராது. அந்த வளையங்களில் இழுக்கலாமா என்று முதலில் உங்கள் படகின் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலான படகில் இழுக்கலாம். எங்கள் படகிலும் இழுக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறது, நான் பார்க்காமல் போனேன். கரையில் கட்டுகிற கிளீட்டிலோ கைப்பிடிக் கம்பியிலோ கொளுவாதீர்கள். கயிறு 50 அடிக்குக் குறையாமல் 65 அடிக்கு மேற்படாமல் இருக்கட்டும். இரண்டு பேர் டியூபுக்கு 2,375 இறாத்தல் தாங்கும் கயிறு, நான்கு பேருக்கு 4,100. பெரியவர்களுக்கே மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளென்றால் 24. கடைக்காரர் சொல்வதை அங்கேயே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், 3,480 டொலர் 40 சதம் என்று தொகையும் போட்டு. நாளை காலை பதிவுத் தபாலில் போகிறது.