புது வடிவ லேப்டாப்: வந்ததும் வாங்கலாமா, அடுத்த பதிப்பு வரை பொறுக்கலாமா?

போன மாதம் லேப்டாப் மாற்றினேன். எனக்குப் பிடித்த வரிசையில் முற்றிலும் புது வடிவத்தில் ஒன்று வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு பதினோரு மாதம் இருந்துவிட்டு, அதன் இரண்டாம் பதிப்பை வாங்கினேன். அதற்கு முன் வைத்திருந்தது இதற்கு நேர் எதிர்: வெளியான மூன்றாம் வாரமே வாங்கியது. இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், முடிந்தவர்கள் பொறுங்கள்.

நான் பொறுக்கச் சொல்வது முதல் தலைமுறைக்கு, அதாவது புது வடிவத்தின் முதல் பதிப்புக்கு. ஆண்டுதோறும் பிராசஸரை மட்டும் மாற்றி விடுகிறார்களே, அதை முதல் தலைமுறை என்று நான் சொல்லவில்லை. மேல்மூடி, கீபோர்டு, ஹிஞ்ச் (திரையைத் திறந்து மூட உதவும் கீல்), ஃபேன், மதர்போர்டு என்று உடம்பே புதிதாக இருக்க வேண்டும். அல்லது சிப்பின் குடும்பமே மாறியிருக்க வேண்டும்.

உடனே வாங்கினால் புதியது ஓராண்டு முன்னதாகக் கைக்கு வரும். பொறுத்தால் விலை கொஞ்சம் இறங்கும், லேப்டாப்பை இயக்கும் பயாஸ், டிரைவர் ஆகிய அடிப்படை மென்பொருள்களும் நிதானத்துக்கு வந்திருக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: வாரண்டி முடிந்த பிறகு வரும் பழுது.

பழைய லேப்டாப்பில் பதினான்காவது மாதம் இடது ஹிஞ்ச் தளர்ந்தது. திரையைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்தில் பிளாஸ்டிக் விரிந்தது. புது ஹிஞ்ச் போட்டேன், எட்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. பிரித்துக் காட்டிய பழுதுபார்ப்பவர் சொன்னபோதுதான் புரிந்தது: கெட்டது ஹிஞ்ச் இல்லை. அதைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுக்குழிகளை வெறும் பிளாஸ்டிக்கில் பதித்திருந்தார்கள். ஹிஞ்ச்சின் இறுக்கம் அவற்றைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. மறு ஆண்டு மாடலில் அந்த இடத்தில் ஓர் உலோகத் தகடு வந்துவிட்டது. ஆனால் அதன் அடிமூடி என்னுடையதில் பொருந்தாது. எனக்குக் கிடைத்த உதிரிப் பாகமெல்லாம் பழைய அச்சில் வார்த்தவைதான்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரணப் பழுதென்றால் கெட்ட பாகத்தைக் கழற்றி நல்ல பாகத்தைப் போட்டால் தீர்ந்தது. முதல் தலைமுறையில் குறை வடிவமைப்பிலேயே இருந்தால், மாற்றிப் போடும் பாகமும் அதே குறையோடுதான் வரும். அடுத்த பதிப்பில் திருத்திவிட்டார்கள் என்பதால் நமக்குப் பயனில்லை.

ஆப்பிளின் பட்டர்ஃப்ளை கீபோர்டு (சாவிக்கு அடியில் பட்டாம்பூச்சி இறகு போன்ற மெல்லிய அமைப்பு உள்ளது) இதற்கு ஊரறிந்த சான்று. 2015-ல் 12 அங்குல மேக்புக்கில் வந்தது, 2016-ல் மேக்புக் ப்ரோவுக்கும் போனது. தூசி புகுந்தால் ஒரு எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். 2018 ஜூனில், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை அறிவித்தார்கள். ஆனால் மாற்றிப் போட்டதும் பட்டர்ஃப்ளைதானே! பல மாடல்களில் கீபோர்டு மட்டும் தனியாக வராது. மேல்பாகத்தை பேட்டரியோடு சேர்த்தே மாற்ற வேண்டும். திட்டக் காலம் முடிந்தபின் அதற்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

இதே கதை இன்னொன்றையும் சொல்கிறது. 2018-ல் சாவிகளுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் சவ்வு வைத்தார்கள், தொல்லை முழுதாகத் தீரவில்லை. 2019 நவம்பரில் 16 அங்குல மாடலில் சாவியைக் கத்தரி போன்ற அமைப்பு தாங்கும் பழைய கத்தரி வகைக்கே திரும்பிய பிறகுதான் தீர்ந்தது. ஆகவே அடுத்த பதிப்பு என்றதும் நம்பிவிடக் கூடாது. குறையுள்ள பாகத்தையே மாற்றினார்களா, அதன் மேல் ஒட்டுப் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

விமர்சனங்களைப் படித்து வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். வேகம், திரை, பேட்டரி இவற்றுக்குப் போதும். நாள்பட வரும் கோளாறு ஒரு வார விமர்சனத்தில் எப்படித் தெரியும்? 2011 ஜனவரியில் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களை வெளியிட்டது. அந்த மாதம் 31-ம் தேதியே, கூட வரும் சிப்செட்டில் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் சில சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் நலியக்கூடும் என்று சொல்லி அந்தச் சிப்செட்டை அனுப்புவதை நிறுத்தியது. சரிசெய்ய சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்றது. தயாரித்தவர்களே கண்டுபிடித்துச் சொன்னதால் தெரிந்தது. ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறவருக்கு அது சிக்கியிருக்காது.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏர் முதல் நாளே வாங்கத் தகுந்த லேப்டாப். சிப்தான் புதிது, உடம்பு ஏறக்குறைய பழையது; கத்தரி வகைக் கீபோர்டும் அந்த ஆண்டின் முந்தைய மாடலிலேயே வந்துவிட்டது. சிப், உடம்பு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாததுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். 2022-ல் வந்த எம்2 ஏரிலோ, 256 ஜிபி மாடலில் ஒரே சேமிப்புச் சிப் வைத்ததால் சேமிப்பகமான எஸ்எஸ்டியின் வேகம் எம்1-ஐ விடக் குறைந்தது. பொறுத்தவருக்கு அந்த ஒரு விஷயத்தில் நஷ்டம்தான்.

பாகங்களை நாமே கழற்றி மாற்றும்படி செய்யப்படும் ஃபிரேம்வொர்க் லேப்டாப் தனி ரகம். 2021-ல் வந்த முதல் மாடலில் திரை ஆடுகிறது என்றார்கள். பிறகு இறுக்கமான ஹிஞ்ச்சைத் தனியாக விற்றார்கள், பழைய மாடல்காரர்களும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வந்த மதர்போர்டும் அதே உடம்பில் பொருந்தியது. திருத்திய பாகம் பழைய மாடலிலும் பொருந்தும் என்றால் என் வாதத்தின் பெரும்பகுதி அங்கே செல்லாது. அப்படிப்பட்டதை உடனே வாங்கலாம்.

கையில் இருப்பது ஓடாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? அப்போது பொறுக்க முடியாது. புது வடிவத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வடிவத்தின் கடைசிப் பதிப்பை வாங்குவேன். வேகம் சற்றுக் குறையும், ஆனால் அதன் குறைகள் அதற்குள் வெளியே வந்திருக்கும், உதிரிப் பாகமும் சந்தையில் கிடைக்கும்.

பொறுத்த பதினோரு மாதத்தில் நான் செய்தது ஒன்றுதான்: தயாரிப்பாளர் வெளியிடும் சர்வீஸ் கையேடு இரண்டு பதிப்புக்கும் கிடைத்தது, பாக எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹிஞ்ச், அடிமூடி, ஃபேன் மூன்றுக்கும் எண் மாறியிருந்தது. கீபோர்டுக்கு மாறவில்லை. முதல் பதிப்பு வாங்கியவர்கள் கீபோர்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை. அதன் பிறகே வாங்கினேன். கையில் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஹிஞ்ச் தாங்குமா என்பதை என் பழைய கணக்குப்படி இன்னும் பதின்மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும்.