குடியும் ஏற்றத்தாழ்வும்: ஆராய்ச்சிப் பணம் ஐசிஎம்ஆர்ல கேக்கலாமா, ஐசிஎஸ்எஸ்ஆர்ல கேக்கலாமா, வெளிநாட்டுக்குப் போகலாமா?

சாதி, கூலி, குடியிருக்குற இடம் இதெல்லாம் ஒருத்தரோட குடியை என்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ண இப்ப நிறைய பேர் வர்றாங்க. கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்ததுக்கு அப்புறம், கம்யூனிட்டி மெடிசின் பிஜி பசங்கள்ல இருந்து சோஷியல் வொர்க் பிஹெச்டி பண்றவங்க வரைக்கும் இதைப் பத்திப் பேசுறாங்க, ரொம்ப நல்ல விஷயம். எல்லாரும் கேக்குற மொத கேள்வி, பணத்துக்கு எங்க போறது? நாங்களும் இதையே மாசக்கணக்குல பேசிப் பேசி கடைசியில ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஸ்மால் கிராண்ட் பக்கம் போனோம், புராஜெக்ட் இப்ப ரெண்டாவது வருஷம் ஓடிட்டு இருக்கு. அதனால நான் எந்தப் பக்கம் சாயுறேன்னு இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

தொகை பத்தி ரொம்ப பேச வேண்டாம், ஐசிஎம்ஆர் ஸ்மால் கிராண்ட்ல 2 கோடி வரைக்கும் கேக்கலாம், ஐசிஎஸ்எஸ்ஆர்ல (சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சில்) மைனர், மேஜர் புராஜெக்ட் எல்லாம் லட்சக் கணக்குதான். ஆன்லைன் போர்ட்டல், எத்திக்ஸ் கமிட்டி, இன்ஸ்டிடியூஷன் ஹெட் கையெழுத்து இதெல்லாம் எங்க போனாலும் உண்டு. வருஷா வருஷம் ஜிஎஃப்ஆர் 12-ஏ ஃபார்ம்ல யூசி (பணத்தை எதுக்குச் செலவு பண்ணோம்னு காட்டுற சான்றிதழ்) கொடுக்குறது அரசாங்கப் பணம்னா ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

எங்களுக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். அதே ஃபீல்ட் ஆளை அதே தெருவுல எத்தனை வருஷம் வச்சிருக்க முடியும்?

ஏன்னு சொல்றேன். கொத்தனார் வேலைக்குப் போற ஒரு அண்ணன் தெனம் சாயங்காலம் கூலி வாங்கிட்டு இன்னொருத்தரோட காசு சேர்த்து ஒரு குவார்ட்டர் வாங்கி கட்டிங் அடிக்கிறாருன்னு வைங்க, அதாவது 90 மில்லி, பிளாஸ்டிக் டம்ளர், ஒரு வாட்டர் பாக்கெட், வயித்துல மத்தியானம் சாப்ட்டதுதான். அதே ஊர்ல ஒரு காண்ட்ராக்டர் தெனம் ராத்திரி வீட்ல சோபாவுல உக்காந்து அதே 90 மில்லி போட்டுட்டு சப்பாத்தி சாப்ட்டுத் தூங்குறாரு. ஆடிட் (AUDIT, குடிப் பழக்கத்தை மார்க் போட்டு அளக்குறது) கேள்வித்தாளை எடுத்துட்டுப் போய்க் கேட்டா, எத்தனை தடவை, எவ்வளவுன்னு கேக்குற மொத ரெண்டு கேள்விக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தான் வரும். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா கொத்தனார் சாரத்துல இருந்து விழுந்து மூணு மாசம் படுத்திருப்பாரு, இஎஸ்ஐ கிடையாது, அவரு சம்சாரத்தோட தோடு அடகுக் கடையில இருக்கும், பெரிய பொண்ணு ஸ்கூலை விட்டு நின்னிருக்கும். காண்ட்ராக்டர் மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல ஈரல் டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னதும் குறைச்சிருப்பாரு. ஒரே அளவு சாராயம்தான், விளைவு மட்டும் வேற வேற. இந்த வித்தியாசம் ஒரு தடவை போய்க் கேக்குற சர்வேயில மாட்டவே மாட்டாது.

ஸ்காட்லாந்துல 2017ல வந்த ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் காட்டுச்சு, குடிக்கிற அளவு ஒண்ணா இருந்தாலும் ஏழைங்களுக்குச் சேதம் அதிகம்னு. அவங்களுக்கு ஒரு வசதி இருந்துச்சு, ஹெல்த் சர்வேயில பதில் சொன்னவங்களோட பேரை ஆஸ்பத்திரி அட்மிஷன் ரெக்கார்டோடயும் இறப்பு ரெக்கார்டோடயும் கம்ப்யூட்டர்லயே இணைச்சுட்டாங்க. நம்ம ஊர்ல தனியார் கிளினிக், ஜிஹெச், மெடிக்கல் ஷாப் மாத்திரைன்னு வைத்தியம் சிதறிக் கிடக்கு, அதைக் கோர்த்துப் பாக்கணும்னா ஒரு ஆள் நடந்து போய் அந்த வீட்டு வாசல்ல உக்காந்து கேட்டாதான் உண்டு. அங்க கம்ப்யூட்டர் பண்ணுன வேலையை இங்க பண்ணப் போறது உங்க ஃபீல்ட் இன்வெஸ்டிகேட்டர்தான். அந்த ஆள் போய்ட்டா டேட்டாவும் போச்சு.

நான் முன்னாடி வேற ஒரு ஃபண்டுல இருந்த புராஜெக்ட்ல இதைக் கண்ணால பாத்தேன். ரெண்டாவது இன்ஸ்டால்மென்ட் வர லேட்டாச்சு, சம்பளம் நின்னுச்சு, தெரு முழுக்க அக்கா அக்கான்னு பழகி வச்சிருந்த பொண்ணு ஜவுளிக்கடை வேலைக்குப் போயிடுச்சு. அது மேல தப்பே இல்ல, வீட்டு வாடகை யாரு கட்டுறது? புதுசா வந்த தம்பி நல்லாதான் கேள்வி கேட்டான், ஆனா போன தடவை மனசு விட்டுப் பேசுன பொம்பளைங்க இந்தத் தடவை "அவரு இப்பல்லாம் குடிக்கிறதில்ல தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பேப்பர்ல பாத்தா அந்தத் தெருவுல குடி குறைஞ்ச மாதிரி இருக்கும்.

ஐசிஎம்ஆர் பக்கம் நாங்க போனதுக்கு இதுதான் காரணம். மூணு வருஷத்துக்கு பட்ஜெட் போடலாம், ஃபீல்ட் ஸ்டாஃப் சம்பளத்துக்குன்னு தனி நார்ம்ஸ் இருக்கு, ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்-1ங்கிற பதவிக்கு மாசம் 18,000 பிளஸ் ஹெச்ஆர்ஏ, இது பெரிய காசு இல்ல, ஆனா பக்கத்து டவுன்ல கடை வேலைக்குப் போறதைவிட மோசம்னு சொல்ல முடியாது, மூணு வருஷம் இருக்கும்னு எழுதிக் கொடுக்கலாம். இன்ஸ்டால்மென்ட் லேட்டாகுற பயம் எந்த அரசாங்க கிராண்டுக்கும் உண்டு, அதுக்கு உங்க காலேஜ்ல முன்பணமா ரெண்டு மாச சம்பளம் கொடுத்து அப்புறம் கழிச்சுக்குவாங்களான்னு சேங்ஷன் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே ஃபினான்ஸ் ஆளுங்ககிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. ப்ரபோசல் எழுதுறதுக்குச் செலவழிக்கிற நேரத்துல பாதியை இதுக்குச் செலவழிக்கலாம், தப்பே இல்ல.

ஐசிஎம்ஆர்ல கஷ்டமும் இருக்கு, மறைக்கல. டாக்டருங்க பாக்குற ப்ரபோசல், "இன்டர்வென்ஷன் என்ன, பிரைமரி அவுட்கம் என்ன, சாம்பிள் சைஸ் எப்படி வந்துச்சு"ன்னுதான் கேள்வி வரும். சாதியை வெறும் எஸ்சி, எஸ்டி, ஓபிசின்னு ஒரு கட்டமா போட்டா ஒத்துக்குவாங்க, ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் நடுவுல கடை எங்க இருக்கு, பார்ல யாரு எங்க உக்காருறாங்கன்னு எழுதுனா அதை எப்படி அளப்பீங்கன்னு கேப்பாங்க. அளக்குறதுக்கு வழி யோசிச்சு எழுதணும். எங்களுக்கு அது நல்லதாதான் முடிஞ்சுது.

இந்த இடத்துலதான் ஐசிஎஸ்எஸ்ஆர் ஜெயிக்குது. 1969ல சமூக அறிவியலுக்குன்னே ஆரம்பிச்ச அமைப்பு, சாதியைப் பத்தி எழுதுனா ஏன்னு விளக்கவே வேண்டாம். ஆனா மைனர் புராஜெக்ட் ஒரு வருஷம், மேஜர் ரெண்டு வருஷம், அதுல ஆள் எடுக்க, கேள்வித்தாள் ரெடி பண்ண மொத ஆறு மாசம் போயிடும். நீங்க கேக்குறது கதையா இருந்தா, அதாவது ஒரே ஊர்ல ஆழமா உக்காந்து வாழ்க்கையைக் கேக்குறதா இருந்தா, கண்ணை மூடிட்டு அங்கயே போங்க. என்எஃப்எச்எஸ் (தேசிய குடும்ப நல சர்வே) டேட்டாவை அலசுறதுக்கும் அந்தப் பணம் தாராளமா போதும். 2019-21 சுற்றுல இந்தியா முழுக்க 15 வயசுக்கு மேல ஆம்பளைங்க கிராமத்துல 19.9 சதவீதம், டவுன்ல 16.5 சதவீதம் குடிக்கிறாங்க, வீட்டு வசதி, சாதிப் பிரிவு எல்லாம் அதே டேட்டாவுல இருக்கு, அந்த டேட்டாவுக்குக் காசு கட்ட வேண்டாம். அதே ஆளை மறுபடி போய்ப் பாக்குற ஃபாலோ-அப் மட்டும் அதுல கிடையாது.

வெளிநாட்டுப் பணத்துல எனக்கு நேர் அனுபவம் கம்மி, கூட வேலை பாத்தவங்க வழியா பாத்ததுதான். நல்ல வேலை நடந்திருக்கு, கோவாவுல ட்ரெயினிங் கொடுத்த சாதாரண ஆளுங்களை வச்சே குடிக்காரங்களுக்கு கவுன்சிலிங் பண்ணலாம்னு காட்டி 2017ல லான்செட்ல வந்த ஆய்வுக்கு வெல்கம் டிரஸ்ட்தான் பணம் கொடுத்துச்சு. ஆனா ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்கிரீனிங் கமிட்டி அனுமதி வாங்கணும், அதோட 2020ல எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வாங்குறதுக்கான சட்டம்) திருத்தம் வந்ததுக்கு அப்புறம் எஃப்சிஆர்ஏ-ல வாங்குன பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்க முடியாது. இது நம்ம டாபிக்குக்குப் பெரிய அடி, ஏன்னா காலனிக்குள்ள பத்து வருஷமா வேலை செய்யுற சின்ன அமைப்புக்குப் பணம் போகாது, போகலன்னா அந்தத் தெரு நமக்குத் திறக்காது. அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச்சும் 2025 மே மாசத்துல வெளிநாட்டு சப்-அவார்டு (அமெரிக்க டீம் வாங்குன கிராண்டுல ஒரு பங்கை வெளிநாட்டு டீமுக்குக் கொடுக்குறது) முறையை நிறுத்தி வேற மாதிரி மாத்தப் போறோம்னு சொல்லிடுச்சு, அதை நம்பி இப்ப மூணு வருஷத் திட்டம் போடச் சொல்ல எனக்கு மனசு வரல.

சாராயக் கம்பெனிப் பணம் வேண்டவே வேண்டாம். கம்பெனிகள் காசு போட்ட 10 கோடி டாலர் குடி ஆராய்ச்சியையே என்ஐஹெச் 2018ல பாதியில நிறுத்துச்சு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல. மாநில அரசு பணம் கொஞ்சம் சிக்கல், 2024-25ல டாஸ்மாக்ல மட்டும் 48,000 கோடிக்கு மேல வருமானம், அதே அரசாங்கத்துக்கிட்ட பணம் வாங்கிட்டு கடை எந்தத் தெருவுல இருக்கணும்னு எழுத எனக்குத் தயக்கம், உங்களுக்கு எப்படியோ.

இந்தியா அலையன்ஸ் (மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறையும் வெல்கம் டிரஸ்ட்டும் சேர்ந்து நடத்துறது) ஃபெல்லோஷிப்பை நான் இதுல சேர்க்கல, அது ஒரு தனி ஆளுக்குக் கொடுக்குறது, அஞ்சு வருஷம். கிடைச்சா மூணு வருஷத்தைவிட அஞ்சு வருஷம் மேல்தான், பிஹெச்டி இப்பதான் முடிச்சவங்க மொதல்ல அதுக்குப் போட்டுப் பாருங்க, கிடைக்கலன்னா அதே ப்ரபோசலைச் சுருக்கி ஐசிஎம்ஆருக்குப் போடுங்க, ஸ்டாஃப் சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க, வேணும்னா லேப்டாப்பையும் கான்ஃபரன்ஸ் செலவையும் வெட்டுங்க.