வெள்ளிக் கடை கவுன்டரில் எலக்ட்ரான் பில்லிங்: நாலு வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசு மொத்த வியாபாரம். 2021 வரை விண்டோஸுக்கென்றே எழுதிய பழைய மென்பொருளில் பில் போட்டோம். பிறகு, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று சொல்லி விற்ற புதியதற்கு மாறினோம். நாலு வருடமாக தினமும் அதில்தான் வேலை.

அது எலக்ட்ரான் என்ற மென்பொருள் கருவியில் எழுதியது. 2013-ல் கிட்ஹப் நிறுவனத்தில், ஆட்டம் என்ற கோட் எழுதும் எடிட்டருக்காகத் தொடங்கியது. வெப்சைட் போலவே எழுதி, குரோமியம் பிரவுசரையும், ஜாவாஸ்கிரிப்ட் கோடை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸையும் உள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆக, பில்லிங்கைத் திறந்தால் ஒரு முழு பிரவுசரும் கூடவே எழுந்திருக்கிறது. எங்கள் கவுன்டரில் இருந்தது 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். கடை பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துத் திரும்பினாலும் திரை வெள்ளையாகவே நிற்கும்.

அதையாவது பொறுக்கலாம். பிரின்ட்தான் பொறுக்க முடியாதது. எங்களுக்கு ஊசியால் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், கார்பன் வைத்து மூன்று படி. பழையது எழுத்தை எழுத்தாகவே பிரின்டருக்கு அனுப்பும். சரசரவென்று அடித்துத் தள்ளும். புதியது பக்கத்தையே படமாக்கி அனுப்புகிறது. பிரின்டர் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு நிற்கும். மூன்றாம் படியில் எடை 3-ஆ 8-ஆ தெரியாது. டச்சும் (வெள்ளியின் சுத்தக் கணக்கு) கூலியும் அந்த எடையை வைத்துத்தானே! பட்டறைக்காரர்களிடம் இதனால் இரண்டு முறை மனஸ்தாபம் வந்தது.

அக்கா மகன் மென்பொருள் எழுதுகிறவன். “மாமா, இது எலக்ட்ரான் தப்பு இல்ல. பிரின்டருக்கு நேரா எழுத்த அனுப்பத் தனி மாட்யூல் சேர்க்கணும், இவங்க சேர்க்கல” என்றான். உண்மைதான். தராசு எடையை சீரியல் போர்ட்டில் எடுக்க மட்டும் அப்படி ஒரு மாட்யூல் சேர்த்திருக்கிறார்கள். இன்றுவரை அதில் பிசகே இல்லை.

2023-ல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, எங்கள் விண்டோஸ் 7 மெஷினில் மென்பொருள் திறக்கவே இல்லை. எலக்ட்ரான் 22-தான் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்பு; 23 முதல் விண்டோஸ் 10 வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்ல ஒரு போன் போதும். யாரும் பேசவில்லை. அன்று முழுக்கக் கையால் பில் எழுதினோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பழையதில் பாமினி எழுத்துரு. பெயர்களை வேறு இடத்தில் ஒட்டினால் கிறுக்கலாகும். இதில் எங்கும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோட், தமிழ்99 கீபோர்டு முறையில் அடித்தது அப்படியே வருகிறது. ஆடிட்டர் மேக்கிலும் அதே திரையைத்தான் பார்க்கிறார். எலக்ட்ரானுக்கு மாற்றான டாரியில் எழுதினால், சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவையே (வெப் பக்கம் காட்டும் பகுதி) எடுத்துக்கொள்ளும், அளவு வெகுவாகக் குறையும் என்கிறான் மருமகன். ஆனால் வெப்வியூ ஒவ்வொரு சிஸ்டத்திலும் வேறு. அங்கே திரை மாறுபடுகிற தொல்லை வரலாம்.

இப்போது எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் போட்ட பிறகு சீக்கிரம் திறக்கிறது. செலவு எங்களுடையது. பிரின்ட் மட்டும் அப்படியே. தீபாவளி ஆர்டர் தொடங்குமுன் சரிசெய்யாவிட்டால், மூலையில் கிடக்கும் விண்டோஸ் 7 மெஷினைத் துடைத்து, பழைய மென்பொருளிலேயே ரசீது அடிக்கப் போகிறேன்.