பழைய துப்பாக்கிய ரிப்பேருக்கு குடுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

மக்களே, பத்து நாளா மனசே ஆறல, அதான் எழுதுறேன். எங்க வீட்ல ரொம்ப காலமா இருக்கிற என்ஃபீல்டு 1853 மாடல் ரைஃபிள், வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிச்சு, கேப் (தட்டுனா பொறி வர்ற சின்ன மூடி) வச்சு சுடுற டைப், 1857 சிப்பாய் கலகத்துல தோட்டாவுல கொழுப்பு தடவுன பிரச்சனை வந்துச்சே அதே மாடல்தான். சுடுறதுக்கெல்லாம் இல்ல, சும்மா பாக்கறதுக்கு. லாக்குக்குள்ள (கேப்ப தட்டுற ஹேமர இயக்குற பகுதி) மெயின் ஸ்பிரிங் ஒடஞ்சு ஹேமர் தொளதொளன்னு ஆடிச்சு, பேரல கட்டையோட பிடிக்கிற மூணு பட்டையில ஒண்ணு காணோம். இத ரெண்டும் மட்டும் மாத்துங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு ரிப்பேர்காரர்கிட்ட படிச்சு படிச்சு சொல்லித்தான் குடுத்தேன்.

திரும்பி வந்தப்ப புதுசா வெளக்குன பாத்திரம் மாதிரி பளபளன்னு இருக்கு. கட்டைய உப்புத்தாள் போட்டு தேச்சு தேச்சு வால்நட் மரத்துல குத்தியிருந்த முத்திரையெல்லாம் காணோம், மேல வார்னிஷ் வேற. அந்தக் காலத்துல ஆளி விதை எண்ணெய்தான் தேய்ப்பாங்க. மரம் எவ்ளோ தேஞ்சிருக்குன்னா, முன்னாடி மட்டமா இருந்த லாக் பிளேட் (லாக்கோட வெளிப்பக்க இரும்புத் தகடு) இப்ப மரத்த விட்டு தூக்கிட்டு நிக்குது, விரல் வச்சு தடவுனா இடிக்குது.

அது கூட போகட்டும். லாக் பிளேட்ட பாத்தா 1853னு இருக்கு. என்கிட்ட இருக்கிற பழைய போட்டோவுல கிரீடத்தோட 1859னு தெளிவா தெரியுது. கேட்டா "அது மாடல் வருஷம் பாஸ், எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும்"ங்கறார். யாருக்கு காது குத்துறார்? லாக்ல அடிக்கிறது அந்த லாக் செஞ்ச வருஷம், மாடல் வருஷம் இல்ல. வீட்டுக்கு வந்து கழட்டி பாத்தேன், ஹேமரோட உள்பக்கம் அச்சுல ஊத்தி செஞ்ச வார்ப்பு கோடு அப்படியே இருக்கு, அத அரம் போட்டு எடுக்க கூட அவருக்கு நேரமில்ல போல. ஒரிஜினல்ல அது அடிச்சு செஞ்ச இரும்பு, அந்த கோடே வராது.

கூத்து என்னன்னா, மிச்ச சாமான்னு ஒரு கவர் குடுத்தார், அதுக்குள்ள தெரியாம என்னோட பழைய லாக் ஸ்க்ரூ ரெண்டையும் போட்டுட்டார். எடுத்து இந்த லாக்ல மாட்டி பாத்தேன், ரெண்டு சுத்துல இறுகிடுச்சு, மரையே வேற. ஸ்பிரிங் மாத்தறேன்னு முழு லாக்கையும் உருவிட்டு காப்பி லாக்க மாட்டி, அது வெளிய தெரியக்கூடாதுன்னு ஸ்க்ரூவையும் மாத்தியிருக்கார். பழைய லாக் எங்கன்னு கேட்டா ஸ்கிராப்ல போயிடுச்சாம். ஒடஞ்ச ஸ்பிரிங்கயாவது குடுங்கன்னேன், அதுக்கப்புறம் போனே எடுக்கல.

நான் செஞ்ச தப்பு, லாக்க கழட்டி உள்பக்கம் போட்டோ எடுக்காம குடுத்தது, பழைய பார்ட்ஸ் எல்லாம் திரும்ப வேணும்னு எழுதி வாங்காதது. நீங்க ரெண்டையும் செஞ்சிட்டு குடுங்க.

அப்புறம், கிரீடம் போட்ட 1859 லாக், ஹேமர் மூக்குல அரிசி அளவுக்கு ஒரு சில்லு பேந்திருக்கும், யாராவது விக்க கொண்டு வந்தா தயவு செஞ்சு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.