கொழும்பில் சாரணத் தலைவர் பயிற்சி: முகாமா, இணையமா, மூத்தவர் பக்கமா?

"தம்பி, நீங்கள் பழைய சாரணர்தானே, வெள்ளிக்கிழமையில வந்து இந்தப் பிள்ளைகளை ஒருக்காப் பாருங்கோ." கொழும்புப் பாடசாலைகளில் சாரணத் தலைவர்கள் பலர் உருவாவது இப்படித்தான். இருந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்திருக்கும், அல்லது ஏ.எல் முடித்துவிட்டு உதவி செய்துகொண்டிருந்த அண்ணாமார் வெளிநாடு போயிருப்பார்கள். பாடசாலைக்கு ஒரு பெரியவர் வேண்டும், கைக்கு அகப்பட்டவர் நீங்கள். சம்மதித்த அடுத்த வாரமே ஆளுக்கொரு யோசனை வரும். பேசிக் கோர்ஸ் எனும் அடிப்படைப் பயிற்சி செய், தலைவர்களுக்கான உயர் பயிற்சியை முடித்துத் தரு சின்னம் எடு, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், முதலில் முதலுதவி பழகு. எதுவும் பிழையான யோசனை இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு வார இறுதி இரண்டே நாள், அதில் ஒன்று வீட்டுக்கு.

அதனால் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். பயிற்சி முடிந்த பிறகு யாராவது உங்கள் துருப்பின், அதாவது பாடசாலைச் சாரணர் குழுவின், கூட்டத்துக்கு வந்து, ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகள் போனபின் உங்களோடு பேசுவார்களா? அப்படி ஓர் ஆளைத் தருகிற பயிற்சிக்குத்தான் என் முதல் ஓட்டு. சான்றிதழின் அழகெல்லாம் அதற்குப் பிறகு.

தரு சின்னம்

வுட் பேட்ஜ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். லண்டனுக்கு அருகே கில்வெல் பார்க்கில் 1919 செப்டெம்பர் 8ஆம் தேதி முதல் பயிற்சி தொடங்கியது. வந்தவர்கள் வளர்ந்த ஆட்கள். அவர்களை வாங்கில் உட்காரவைத்து விரிவுரை நடத்தவில்லை. சிறுவர்களைப் போலவே அணிகளாகப் பிரித்து, கூடாரத்தில் படுக்கவிட்டு, சமைக்கவிட்டார்கள். முடித்தவர்களுக்கு சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் தன்னிடமிருந்த தென்னாபிரிக்கச் சூலு மாலையிலிருந்து மரமணிகளை எடுத்துக் கொடுத்தார். அந்த மாலை சூலு மன்னர் தினுசூலுவுடையது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. இன்றைக்கும் கழுத்தில் இரண்டு மணி தொங்கினால் அவர் பயிற்சி முடித்த தலைவர், மூன்று என்றால் உதவிப் பயிற்றுநர், நான்கு என்றால் பயிற்றுநர். கழுத்துத் துணியின் பின்பக்கம் இருக்கும் சிறிய கட்டம் போட்ட துண்டு, கில்வெல் காணியை வாங்கிக் கொடுத்த மக்லாரன் என்பவருக்கான மரியாதை.

இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. இப்போது பயிற்சிகளைப் பொறுப்பாக நடத்துவது இலங்கை சாரணர் சங்கம். தலைமையகம் கொழும்பு 2இல், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது. தேசியப் பயிற்சி முகாம் நுவரெலியா பீட்ருவில். அங்கே இரவில் எடுக்கும் குளிரைப் பற்றி வெள்ளவத்தைக்காரருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிட்டேன்.

பயிற்சி ஏணி மேலோட்டமாக இப்படி இருக்கும்: அறிமுகம், அடிப்படைப் பயிற்சி, பிறகு தரு சின்னத்துக்கான உயர் பயிற்சி. இந்த உயர் பயிற்சி நெடுங்காலம் மூன்று பகுதியாக இருந்து வந்தது. முதலில் வாசிப்பும் எழுதிக் கொடுக்கும் விடைகளும், இரண்டாவது முகாம், மூன்றாவது சொந்தத் துருப்பில் சில மாதம் செய்து காட்டும் வேலை. நாட்டுக்கு நாடு பெயரும் ஒழுங்கும் மாறும். ஆனால் படித்ததைத் தன் பிள்ளைகளிடம் செய்துகாட்ட வேண்டும் என்ற எண்ணம் எங்கும் உண்டு.

இரண்டாம் பகுதியின் பலம் நிஜமானது. ஈர விறகில் அடுப்பு மூட்ட முடியாமல், பசியோடு, முன்பின் தெரியாத ஐந்தாறு பேரோடு சண்டை பிடிக்காமல் ஒரு பொழுதைக் கழித்தவருக்குத்தான், 12 வயதுப் பிள்ளை முகாமில் ஏன் திடீரென்று அழுகிறது என்று விளங்கும். பிள்ளைகளைச் சிறு அணிகளாக்கி, அவர்களில் ஒருவனையே தலைவனாக்கும் அணி முறை என்பதைப் புத்தகத்தில் நாலு வரியில் எழுதிவிடலாம். அணித் தலைவனாக ஒருநாள் இருந்தால்தான், பெரியவர் ஒருவர் இடையில் புகுந்து 'நான் செய்கிறேன் விடு' என்று சொல்வது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று தெரியும்.

பலவீனம் மூன்றாம் பகுதியில். அதுதான் என் அளவுகோலுக்கு நேராக வருகிற இடம், அதுதான் பல நேரம் கோப்பாகவும் கையெழுத்தாகவும் சுருங்கிவிடுகிறது. பயிற்றுநர்களும் தொண்டர்கள்தான், அவர்களுக்கும் வார இறுதி இரண்டே நாள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விண்ணப்பம் கொடுக்கும்போதே "எனக்குப் பொறுப்பான பயிற்றுநர் யார், அவர் எங்கள் பாடசாலைக்கு எப்போது வருவார்?" என்று கேளுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் மொழி. கொழும்பில் நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலும் சிங்களம்தான் முன்னுக்கு நிற்கும், இடையிடையே ஆங்கிலம். பஸ்ஸில் கடையில் பேசும் சிங்களம் நம்மில் பலருக்கு வரும். பயிற்சிக் குறிப்பேட்டில் இருக்கும் சிங்களம் வேறு, அதில் விடை எழுதுவது அதைவிட வேறு. அடிப்படைப் பயிற்சி வடக்கிலோ கிழக்கிலோ தமிழில் நடந்தால், இரவு பஸ் பிடித்தாவது அதற்குப் போவது நல்லது என்பது என் கருத்து. அங்கேதான் கருத்துகள் பதிய வேண்டும், அது தாய்மொழியில் இருக்கட்டும். உயர் பயிற்சிக்கு நேர்மாறாகச் சொல்வேன்: எல்லோரும் கலந்திருக்கும் முகாமே மேல். கொட்டாஞ்சேனைக்காரரும் குருநாகல்காரரும் ஒரே சட்டியில் சமைத்த பிறகு கிடைக்கும் தொலைபேசி இலக்கங்கள் பின்னால் மிகவும் உதவும். கூடாரம் இரவல் கேட்க, முகாமுக்கு இடம் தேட, சிங்களக் கடிதம் ஒன்றைத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கும்.

மூத்தவர் பக்கத்தில் நிற்பது

இதற்குச் சான்றிதழ் கிடையாது, யாரும் விளம்பரப்படுத்துவதும் இல்லை. நன்றாக நடக்கும் ஒரு துருப்பைத் தேடி, அதன் தலைவரிடம் "சேர், ஒரு தவணைக்கு வந்து பக்கத்தில் நிற்கட்டுமா?" என்று கேட்பது. கொழும்பில் இதற்கு வசதி அதிகம். பழைய துருப்புகள் ஒன்றுக்கொன்று பஸ் தூரத்தில் இருக்கின்றன, பல துருப்புகளைப் பழைய மாணவர்களே பிடித்து நிறுத்துகிறார்கள்.

இங்கே கிடைப்பது எந்த முகாமிலும் கிடைக்காது. மழை வந்து திட்டம் குழம்பியதும் அந்தத் தலைவர் என்ன செய்கிறார்? ரியூஷனுக்கு ஓடவேண்டிய பிள்ளைகள் பாதியில் எழும்பிப் போகும்போது மீதிப் பேரை எப்படிச் சமாளிக்கிறார்? அணித் தலைவர்களை மட்டும் தனியாகக் கூட்டி அடுத்த மாதத் திட்டத்தை அவர்கள் வாயாலேயே எப்படிச் சொல்லவைக்கிறார்? ஓ.எல் வருடத்தில் பிள்ளையை நிறுத்தப் பார்க்கும் அம்மாவோடு எப்படிப் பேசுகிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பாடத்திட்டம் எழுதுகிறவர் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் நின்று பழகுகிறவர் நல்லதோடு கெட்டதையும் பழகிவிடுவார். நம் பாடசாலைகளில் சாரணர் துருப்பு கொஞ்சம் கொஞ்சமாக கடேற் படையாக மாறிவிடும் பழக்கம் உண்டு. அணிவகுப்பு, வரிசை, பிந்தி வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். விருதுகளை அள்ளும் துருப்பு எல்லாமே நல்ல துருப்பு என்று எண்ணிவிடக் கூடாது. போய்ப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கூட்டத்தில் அதிகம் பேசுவது யார்? பெரியவரே பேசிக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு துருப்பைப் பாருங்கள்.

என் அளவுகோலில் இது தரு சின்னத்தை வென்றுவிடுகிறது, ஏனென்றால் நீங்கள் போய்ப் பழகிய மூத்தவர் பிறகு உங்கள் கூட்டத்துக்கு வருவார். கூப்பிட்டால் வராத சாரணத் தலைவரை நான் கண்டதில்லை, தேநீர் கொடுத்தால் போதும். ஆனால் முறையான நியமனம் வேண்டுமென்றாலும், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றாலும், சங்கத்தின் பயிற்சியைத்தான் கேட்பார்கள். ஆகவே முறையான பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன்.

இணையத்தில் படிப்பது

உலக சாரணர் அமைப்பின் இணையப் பாடங்களில் ஒன்று மட்டும் கட்டாயம்: சேஃப் ஃப்ரம் ஹார்ம் எனப்படும் பிள்ளைப் பாதுகாப்புப் பாடம். இலவசம், மாலை நேரத்தில் வீட்டிலேயே முடிக்கலாம். பல நாட்டுச் சாரணர்கள் கூடும் பெரிய முகாமான உலக ஜம்போரிக்குப் போகும் பெரியவர்கள் இதை முடித்தே ஆகவேண்டும். 2027இல் போலந்தின் கதான்ஸ்கில் அடுத்த ஜம்போரி நடக்கவிருக்கிறது. அதற்குப் போகிற எண்ணம் இல்லாவிட்டாலும், முதல் கூட்டத்துக்கு முன்பே இதை முடியுங்கள் என்பேன். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு பிறர் கண்ணுக்கு மறைவாகத் தனியே இருக்கக் கூடாது என்ற விதி, பிள்ளை தன் பிரச்சினையைச் சொன்னால் எதைக் கேட்பது எதைக் கேட்கக் கூடாது, இரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது என்பது, இவையெல்லாம் பழகிப்பழகிக் கற்றுக்கொள்கிற விஷயங்கள் அல்ல. பழகுவதற்குள் ஒரு பிள்ளைக்குக் கேடு வந்துவிடும்.

குறை என்னவென்றால், உலகுக்குப் பொதுவாக எழுதப்பட்டதில் கொழும்பு இல்லை. வகுப்பறைத் தரையில் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாகப் படுக்கும் முகாமில் பெரியவர் எங்கே படுப்பது? மழையில் பஸ் இல்லாமல் நிற்கும் ஒரேயொரு பிள்ளையை உங்கள் மோட்டார் சைக்கிளில் ஏற்றலாமா? பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் தனியாகச் செய்தி போடலாமா? பாடம் கொள்கையைச் சொல்லும். விடையை நீங்களும் அதிபரும் பெற்றோரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டுமே செய்தி, வீட்டுக்குச் சொல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை, படுக்கும் இடம் பெரியவருக்கு வேறு, பிள்ளைகளுக்கு வேறு என்று எழுதினால் பிறகு யாருக்கும் சங்கடம் இல்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அது கையடக்கத் தொலைபேசியில் இருக்கட்டும்.

மற்ற இணையப் பாடங்களை ஆர்வம் இருந்தால் பாருங்கள். சான்றிதழ் சேர்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டவர்கள் உண்டு, அவர்களுடைய துருப்பைத்தான் காணோம்.

முதலுதவி

இதைத் தனியாக எடுத்ததற்குக் காரணம், சாரணத் தலைவர் பயிற்சிக்குள் வரும் முதலுதவி போதாது என்பது. கொழும்பில் தேடி அலைய வேண்டியதும் இல்லை. சென் ஜோன் அம்புலன்ஸ் சாரணர் தலைமையகம் இருக்கும் அதே மாவத்தையில் இருக்கிறது, செஞ்சிலுவைச் சங்கம் தர்மபால மாவத்தையில். இரண்டில் எது? எந்த மொழியில் எப்போது வகுப்பு, பொம்மையின் நெஞ்சை உங்கள் கையால் எத்தனை முறை அழுத்தவிடுவார்கள் என்று கேட்டு, கூடுதலாகக் கைவேலை தருகிற இடத்துக்குப் போங்கள்.

போனால் நம்முடைய ஊர்ப் பிரச்சினைகளைக் கேளுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடித்த இடத்தை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், ஆஸ்பிரின், இபுபுரோஃபன் கொடுக்கக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி முழங்கும்போது மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பு இல்லை, கட்டடத்துக்குள் ஓட வேண்டும். ஆற்றோரம் முகாம் போடுகிற ஆசை இருந்தால், உயிர்காப்பு நீச்சல் பழகிய ஒருவர் கூட வரும்வரை அந்த ஆசையைத் தள்ளி வையுங்கள். அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.

பெண்பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு வேறு வீடு, வேறு ஏணி. இலங்கை பெண் சாரணியர் சங்கம், 1917இல் கண்டியில் தொடங்கியது, தலைமையகம் கொழும்பு 7இல். அதன் தலைவிகளுக்கான பயிற்சியை அதுவே நடத்துகிறது. ஓர் இயக்கத்தின் பயிற்சி மற்றதில் அப்படியே செல்லுபடியாகும் என்று நினைத்துப் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு விசித்திரமாகத் தெரியும். அங்கே பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இரண்டும் ஒரே கூரைக்குள், தரு சின்னத்துக்கும் ஹிமாலய வுட் பேட்ஜ் என்று பெயர்.

யாருக்கு எது

ஆசிரியராக நியமனம் கிடைத்த கையோடு சாரணர் பொறுப்பும் தலையில் விழுந்த ரீச்சருக்கு: இணையப் பாதுகாப்புப் பாடம், உடனே தமிழில் அடிப்படைப் பயிற்சி. நன்றாக நடக்கும் துருப்பு ஒன்றை இடையிடையே போய்ப் பாருங்கள். தரு சின்னத்துக்கு அவசரமில்லை. கையில் ஒரு துருப்பு ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த முகாமில் கேட்பதற்கு உங்களிடம் கேள்வி இருக்கும்.

சாரணரின் உச்ச விருதான ஜனாதிபதி விருதோடு வெளியே வந்த இளம் பழைய மாணவருக்கு முடிச்சும் முகாமும் தெரியும். தெரியாதது பெரியவராக இருப்பது. நேற்றுவரை தோழனாக இருந்தவன் இன்று பொறுப்பாளன், பிள்ளைகளோடு பழகும் எல்லை அவருக்கே குழப்பமாக இருக்கும். அவர் தன் பாடசாலையை விட்டு வேறொரு துருப்பில் ஒரு தவணை பழகட்டும், பிறகு தரு சின்னம். சொந்தத் துருப்பிலேயே பழகினால் தான் சிறுவனாக இருந்தபோது பார்த்ததையே திரும்பச் செய்வார்.

பெற்றோருக்கு இவ்வளவும் தேவையில்லை. மகன் சாரணன் என்பதற்காக அப்பா காக்கிச் சட்டை போட வேண்டிய கட்டாயம் இல்லை. பாதுகாப்புப் பாடத்தை முடித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வாருங்கள். மின்வேலை தெரிந்தவர், தையல் தெரிந்த அம்மா, வங்கிக் கணக்கு எழுதத் தெரிந்த மாமா என்று ஒவ்வொருவரும் ஒரு திறமைச் சின்னத்துக்கான ஆசிரியர்தான். முகாமுக்குப் போகும் நாளில் இன்னொரு பெரியவர் இல்லையே என்று தலைவர் தவிக்கும்போது கை தூக்குங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.