அறைக்கு 5 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 5 மெகாபிட்) இன்டர்நெட் வேகம்: போலிசிங்கா, ஷேப்பிங்கா, பிசிகியூவா?

திருகோணமலை உப்புவெளியில மாமாட கெஸ்ட் ஹவுஸ், 12 அறை, ஒரே ஒரு ஃபைபர் லைன். சீசன் தொடங்கி அறை நிரம்பிட்டுதெண்டா ஒருத்தன் படம் இறக்க மற்ற 11 அறையும் ரிசப்ஷனில வந்து நிக்கும். "தம்பி, அறைக்கு அஞ்சு எண்டு வெட்டி விடு" எண்டார். வெட்டுறது லேசு, அஞ்சில நிப்பாட்டுறதுதான் வில்லங்கம். அதுக்கு மூண்டு வழி பாத்தன்.

போலிசிங் எண்டா கணக்கு மீறின பாக்கெட்ட (டேட்டா போற சின்னத் துண்டு) அந்த இடத்திலயே எறியுறது. ஒரு வாளிக்குள்ள டோக்கன், அதாவது அனுப்புறதுக்கான அனுமதிச் சீட்டு, சொட்டுச் சொட்டா விழும், இருந்தா பாக்கெட் போகும், இல்லாட்டி குப்பை. வரிசை இல்ல, மெமரி தின்னாது, ஆயிரக்கணக்கில சந்தாதாரர் தொங்குற பெரிய ரூட்டருக்கு இதுதான் தோது. ஆனா பாக்கெட் தொலைஞ்சா டிசிபி (டேட்டா ஒழுங்காப் போய்ச் சேருதா எண்டு பாக்கிற முறை) பயந்து வேகத்தக் குறைக்கும், மெல்ல ஏறும், திரும்ப அடி வாங்கும், கிராஃப் வாள் பல்லு மாதிரிக் கிடக்கும். வாளி சின்னனெண்டா 5 போட்டாலும் 5 வராது. ரூட்டர் செய்யிற சிஸ்கோ கம்பனிட வழிகாட்டல்ல இருக்கிற கணக்கு ஒண்டரைச் செக்கன் அளவு வாளி, அதாவது 5,000,000 ÷ 8 × 1.5 = 937,500 பைட்.

ஷேப்பிங் எறியாது, வரிசையில நிப்பாட்டி நிப்பாட்டி அனுப்பும், கோடு நேராப் போகும், 12 அறைக்கு என்ர ஓட்டு இதுக்குத்தான். எங்கட ரூட்டர் மைக்ரோடிக், அதில சிம்பிள் கியூ எண்டுறது இதுதான். ஆனா வரிசை நீளமெண்டா வாட்ஸ்அப் கால் இழுக்கும். 50 பாக்கெட், ஒண்டு 1500 பைட், 5 எம்பிபிஎஸ்ல அது முழுக்க வெளிய போக 120 மில்லிசெக்கன், 10 பாக்கெட் எண்டா 24தான். மைக்ரோடிக்கிட மென்பொருள் ரூட்டர்ஓஎஸ் 7 இருந்தா, வரிசைய நீள விடாத எஃப்கியூ-கோடெல் முறையப் போட்டா இந்தத் தலையிடி பெரும்பாலும் போயிடும்.

மைக்ரோடிக்கிலயே இருக்கிற பிசிகியூ சோம்பேறிக்கு நல்லது, ஒரே ரூல்ல ஐபிக்கு ஐபி (ஒவ்வொரு ஃபோனுக்கும் லேப்டொப்புக்கும் கிடைக்கிற முகவரி) தானே பிரிச்சுக் குடுக்கும். ஆனா எண்ணுறது ஆளையில்ல ஐபிய, ஒரு அறையில ரெண்டு ஃபோனும் ஒரு லேப்டொப்பும் எண்டா அந்த அறைக்கு 15. நான் அறைக்கு ஒரு விலான் (தனி நெட்வொர்க் மாதிரி) பிரிச்சு, அந்த அறைட ஐபி எல்லாம் அடங்கின சப்நெட்டுக்கே சிம்பிள் கியூ போட்டன்.

போட்ட அண்டைக்கு ராத்திரி டெஸ்ட் பண்ணினா 40 காட்டுது! ரெண்டு மணித்தியாலம் கியூவையே திட்டிக்கொண்டிருந்தன், கடைசியில பாத்தா ஃபயர்வால்ல ஃபாஸ்ட்ட்ராக் ரூல, அதாவது கனெக்ஷனக் குறுக்கு வழியால அனுப்புற ரூல, அப்பிடியே விட்டிருக்கிறன். அது பிடிச்ச கனெக்ஷன் சிம்பிள் கியூ பக்கமே வராது. பிழை என்ரதான். அந்த ரூல நிப்பாட்டி, பழைய கனெக்ஷனயெல்லாம் கிளியர் பண்ணினாப் பிறகுதான் அடங்கிச்சு. இதால சிபியு கொஞ்சம் கூட வேலை செய்யும், 12 அறைக்கு அது ஒரு பாரமில்ல.

இன்னொண்டு, 5 போட்டா டெஸ்ட்டில 4.8தான் வரும். 1500 பைட் பாக்கெட்டில முகவரி மாதிரி முன்னுக்கு ஒட்டுற ஐபி, டிசிபி ஹெடர், நேரம் குறிக்கிற டைம்ஸ்டாம்ப் போக 1448தான் உண்மையான சரக்கு, டெஸ்ட் அத மட்டும்தான் எண்ணும். ஒரு கெஸ்ட் இதையும் மாமாட்டக் கேட்டு, அவர் என்னட்டக் கேட்டு, நான் கியூவ 5200கே (5.2 எம்பிபிஎஸ்) ஆக்கிவிட்டன், இப்ப 5 எண்டே காட்டுது.